ஒரு டோக்கன் வரவில்லை

காலை ரயிலில் ஊரிகத்தில் ஏறி, பெங்களூரு வரை உட்கார்ந்து போக இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு லாட்டரி அடித்த மாதிரி. மனோகருக்கு அன்று ஜன்னலோரமே கிடைத்தது. ஆனால் அதை அனுபவிக்கும் நிலையில் அவர் இல்லை.

"சாப் இந்த வருஷமும் முடியாதுன்னுட்டாரு மச்சான்," என்றார் எதிர் சீட்டில் இருந்த ஃப்ரெடி. "நா எவ்ளோ நைசா பேசிப் பாத்தேன் தெரியுமா? பிளம் கேக்கெல்லாம் வாங்கினு போனேன். கேக்க சாப்ட்டாரு. தண்ணி குடிச்சாரு. அப்புறம் முடியாதுன்னாரு."

"இன்னா காரணம் சொன்னாரு?"

"வேற இன்னா? 'சம்பங்கி போர்ல செத்தானா?' அதே கேள்விதான்."

மனோகர் தன் இடது காலை முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டினார். புனேயில் ராணுவ ஆஸ்பத்திரி பொருத்திக் கொடுத்த கால். கோபம் வந்தால் அதைத்தான் தட்டுவார்.

"எவ்ளோ தட்டினாலும் உள்ளேர்ந்து யாரும் தொறக்க மாட்டாங்க," என்றார் ஃப்ரெடி.

இருவரும் பட்டாளத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. மனோகர் சேப்பர் படையில் நாயக்காக இருந்தவர். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது, இதெல்லாம் சேப்பர்களின் வேலை. ஃப்ரெடி பேண்டில் பியூகிள் ஊதியவர். இப்போது இருவருக்கும் ஒயிட்ஃபீல்டில் ஒரே கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. தங்கவயல் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருவரும் உறுப்பினர்கள். சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர் அந்தோணி. ஊருக்கே அவர் 'சாப்'.

வருஷா வருஷம் ஜூலை இருபத்தாறாம் தேதி, கார்கில் வெற்றி நாளில், ஊரிலிருந்து போய் எந்தப் போரில் இறந்திருந்தாலும், அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்தச் சங்கம் அஞ்சலி செலுத்தும். மற்ற ஊர்களில் கல்லில் பெயர் வெட்டி மாலை போடுவார்கள். இங்கே வழக்கம் வேறு. இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் எவனானாலும் அவன் அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கியவராகத்தான் இருப்பார். இறங்கும்போது கையில் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். வாசலில் ஒரு பலகையில் அந்தந்த ஆணியில் அதை மாட்டுவார்கள். ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் பூமிக்குள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

சுரங்கங்களை மூடியபோது அந்த டோக்கன்கள் வீட்டுக்கு வீடு தங்கிப்போயின. அஞ்சலி நாளில் சங்கத்தார் ஆணிகள் அடித்த தேக்குப் பலகை ஒன்றை மைதானத்தில் நிறுத்துவார்கள். இறந்தவர்களின் பெயரை ஒருவர் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரர் முன்னால் வந்து, அவனுடைய அப்பாவின் டோக்கனை அவனுக்கென்று இருக்கும் ஆணியில் மாட்டுவார். உடனே கூட்டம் மொத்தமும், "மேல வந்துட்டான்!" என்று குரல் கொடுக்கும். எல்லா ஆணியும் நிறைந்ததும் பெயர் கூப்பிடுகிறவர் "ஷிப்ட் முடிஞ்சுது" என்பார். அதற்குப் பிறகுதான் பியூகிள்.

சம்பங்கிக்கு அந்தப் பலகையில் ஆணி கிடையாது.

நாடாளுமன்றத்தைத் தாக்கினார்களே, அந்தக் குளிர்காலத்தில் பட்டாளம் முழுவதும் எல்லைக்குப் போனது. போர் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். ராஜஸ்தான் மணலில் சேப்பர்கள் கண்ணிவெடி புதைத்தார்கள். அதில் ஒன்று, மனோகரின் படையிலேயே இருந்த ஊர்க்காரன் சம்பங்கியின் கையிலேயே வெடித்தது. அவனைத் தூக்க ஓடிய மனோகர் இன்னொன்றை மிதித்தார். கடைசியில் போர் வரவே இல்லை. பட்டாளம் முகாமுக்குத் திரும்பியது. வராத போரில் செத்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சேர்க்க முடியாது என்பது அந்தோணி சாப்பின் கட்சி. மனோகரும் ஒவ்வொரு வருஷமும் கேட்டு, ஒவ்வொரு வருஷமும் 'சரி, அடுத்த வருஷம்' என்று விட்டுவிடுவார். இந்த வருஷம் அப்படி விட முடியாது. சம்பங்கியின் தாயார் கிருஷ்ணம்மா, மகள் சுமாவோடு ஒசூருக்கே போகப் போகிறார். வீட்டைக் காலி செய்யத் தேதி குறித்தாயிற்று.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல வெச்சுக் கேக்கறேன்," என்றார் மனோகர்.

"கேளு. நா கை தூக்கறேன். நம்ம ரெண்டு பேர் கையும் மட்டும் தனியா தெரியும்."

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே சங்கத்தின் அறை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தோணி சாப் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அணிவகுப்பில் நிற்பது போலத்தான் இருப்பார்.

"நம்ம அஞ்சலி யாருக்கு? போரில் வீழ்ந்தவங்களுக்கு," என்றார் அவர். "மனோகர், நீ சொல்றது எந்தப் போர்? எப்ப ஆரம்பிச்சது? எப்ப முடிஞ்சது?"

"அது என் காலுக்குத் தெரியாது சாப். போர் நடக்கலன்னு அதுகிட்ட யாரும் சொல்லல."

அறை சிரித்தது. சாப் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு சம்பங்கி. நாளைக்கு வண்டி கவுந்து செத்தவன் வருவான். பாம்பு கடிச்சு செத்தவன் வருவான். கேண்டீன் ரம் குடிச்சு ஈரல் போனவன் பொண்டாட்டியும் டோக்கன எடுத்துனு வந்து நிப்பா. எங்க நிறுத்துவ? ஒரு கோடு வேணும். நகத்தறதுக்குன்னு போட்டா அதுக்குப் பேரு கோடு இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கைகள் எழுந்தன. மூன்றாவது கை யாருடையது என்று மனோகர் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தார். பழைய லான்ஸ் நாயக் மஞ்சுநாத்.

"டீ தானே?" என்றார் மஞ்சுநாத்.

படி இறங்கும்போது ஃப்ரெடி மனோகரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "உனக்கு ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லாத. சாபுக்கு ஒரு தம்பி இருந்தான் தெரியுமா? லாரன்ஸ்."

"சிக்கிம்ல செத்தானே?"

"ஆமா. ரோந்து முடிச்சு வரச்சே லாரி பள்ளத்துல வுழுந்துச்சு. இந்தப் பலகைய செஞ்சப்ப அவங்க அம்மா புருஷன் டோக்கன எடுத்துனு வந்து, 'லாரன்ஸுக்கு ஒரு ஆணி அடிடா'ன்னு கேட்டுச்சாம். சாப் முடியாதுன்னுட்டாரு. போர்ல செத்தவங்களுக்குதான்னாரு. பெத்த அம்மாவுக்கு! அன்னிலேர்ந்து அந்தம்மா அஞ்சலிக்கு வர்றதே இல்ல. ஒரே வூட்லதான் இருக்காங்க. சோறு போடுது. பேச்சு கம்மி."

மனோகர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப சம்பங்கிக்கு சரின்னு சொன்னா, வூட்டுக்குப் போயி அந்தாளு எந்த மூஞ்சியக் காட்டுவாரு? அதான் சொல்றேன். வுட்டுடு மச்சான்."

"அவங்க அம்மாவுக்கு அவரு பதில் சொல்லட்டும். கிருஷ்ணம்மாவுக்கு நாந்தான் சொல்லணும்," என்றார் மனோகர்.

ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் கிருஷ்ணம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குரல் மட்டும் குழாயடிச் சண்டைக்குத் தயாரான குரல்.

"வா நைனா. மூஞ்சி தொங்கினு கீது. முடியாதுன்னுட்டானா அந்தோணி?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியும். அவன் சின்ன வயசுலேயே அப்டிதான். கோலி ஆடச் சொல்லோ, கோட்ட தாண்டிட்டன்னு சொல்லிச் சொல்லியே எல்லார் கோலியும் புடுங்கிக்குவான்." பேசியபடியே சாமி மாடத்திலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினார். புளி போட்டுத் தேய்த்திருந்தார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. "பாரு. இவங்க அப்பாவுது. நா ஒசூர்ல போயி இத்த எங்க மாட்டறது? ஃபிளாட்டு செவுத்துலயா? அங்க யாருக்கு இது இன்னான்னு தெரியும்?"

மனோகர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என் புள்ள இன்னும் கீழதான் கீறான்," என்றார் கிருஷ்ணம்மா. அழவில்லை. ரேஷன் அரிசி இன்னும் வரவில்லை என்பது போல நேராகச் சொன்னார். "ஒருவாட்டி ஏர்பிளாஸ்ட் ஆச்சு. உள்ள பாறை வெடிச்சு லெவலே மூடிக்கிச்சு. எல்லார் டோக்கனும் வந்துட்டுது, என் வூட்டுக்காரருது மட்டும் வர்ல. நா சம்பங்கிய இடுப்புல வெச்சுனு கேட்டுல நிக்கறேன். இன்ஜினீரு வந்து, 'ஷிப்ட்ட மூடு, அடுத்த செட் எறங்கணும்'னான். டோக்கன்காரன் மூடல. 'ஒரு டோக்கன் வர்லீங்க. எப்டி மூடறது'ன்னு சொல்லிட்டு வழியில நின்னுகினான். வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்னான் இன்ஜினீரு. தூக்கிக்கோன்னான். அவன் நின்னான். எறங்க வந்தவங்களும் அவன்கூட நின்னாங்க. பொழுது போற நேரத்துக்கு இவர மேல கொண்டாந்தாங்க."

மனோகர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தின் தொங்கல் போயிருந்தது.

"வெள்ளிக்கெழம அஞ்சலிக்கு மைதானத்துக்கு வந்துடுங்கம்மா. இத்த மறக்காம எடுத்துனு வாங்க."

"கூப்புடுவாங்களா?"

"கூப்புடறவன் நாந்தானே."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். பழைய சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்துக்கு எதிரே மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பந்தல்கார ரூபேஷ் சுத்தியலும் ஆணிப் பையுமாகக் கடைசிக் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். முன்னாள் வீரர்கள் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எதிரே வீட்டார். அவர்கள் பின்னால் ஊர். வரிசையின் தலைமாட்டில் அந்தோணி சாப்.

மனோகர் பலகைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் கணவனை இழந்த சரோஜம்மா முதலில் வந்து மாமனாரின் டோக்கனை மாட்டினார். "மேல வந்துட்டான்!" அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். யாழ்ப்பாணத்தில் விழுந்தவனுக்கு அவன் அண்ணன் வந்தார். கடைசியாகக் கார்கிலில் விழுந்த பாபுவின் தங்கை மமதா, எட்டாத உயரத்துக்கு எக்கி நின்று மாட்டினாள். "மேல வந்துட்டான்!"

பலகையில் எல்லா ஆணியும் நிறைந்துவிட்டது. ஃப்ரெடி பியூகிளை உதட்டுக்குக் கொண்டுபோனார். இனி மனோகர் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதான்.

மனோகர் சொல்லவில்லை.

ஒருவர் இருமினார். சாப்பின் கண் மட்டும் பலகைப் பக்கம் திரும்பியது.

"ஒரு டோக்கன் வர்ல சாப்," என்றார் மனோகர், மைதானத்தின் கடைசி வரை கேட்கும் குரலில்.

"மனோகர். ஷிப்ட்ட மூடு."

"மூட முடியாது சாப். ஒருத்தன் கீழ இருக்கான்."

"எல்லா ஆணியும் நெறஞ்சாச்சு."

"ஆணி இல்லாதவன் சாப்."

சாப் பியூகிள் பக்கம் திரும்பினார். "ஃப்ரெடி! ஊது!"

ஃப்ரெடி பியூகிளை இறக்கி இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். "கூப்புடறவன் சொல்லாம ஊதக் கூடாது சாப். நீங்க போட்ட ரூலுதான்."

வேறு ஊராக இருந்தால் இந்நேரம் யாராவது வந்து மனோகரைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் இந்த ஊரில், 'ஒரு டோக்கன் வரவில்லை' என்று காதில் விழுந்த பிறகு வீட்டுக்குப் போகத் தெரிந்தவர்கள் கிடையாது. பந்தலுக்குள்ளிருந்து குடையை விரித்துக்கொண்டு கிளம்பப் பார்த்த ஒரு பெரியவர், திரும்ப மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். வரிசையில் இருந்தவர்கள் அசையவில்லை. தூறல் மழையாக வலுத்தது. மனோகருக்குச் செயற்கைக் கால் முழங்காலோடு சேரும் இடத்தில் வலி ஆரம்பித்தது. அவர் எடையை வலது காலுக்கு மாற்றவில்லை. மாற்றினால் தளர்ந்துவிட்டதாக நினைப்பார்கள்.

சரோஜம்மாதான் முதலில் பேசினார். "அந்தோணி, ஒரு ஆள் கீழ கீறான்றான். நாங்க எப்டிப்பா வூட்டுக்குப் போறது?"

சாப் வரிசையை விட்டு வெளியே வந்தார். மனோகரின் முகத்துக்கு நேரே நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஊரு முன்னால என்ன மாட்டிவுடப் பாக்கறியா?"

"இல்ல சாப். நாளைக்கே என்ன சங்கத்துலேர்ந்து தூக்கிடுங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன். இன்னிக்கு இவன மேல கொண்டாரணும்."

"நா இவனுக்குச் சரின்னு சொன்னா..." சாப் அங்கேயே நிறுத்திக்கொண்டார். மழைத் தண்ணீர் மீசையில் இறங்கியது.

"தெரியும் சாப்," என்றார் மனோகர்.

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொன்னா இன்னா சாப். அது உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு தெரியும். ஆனா அதுக்காக நா மூட முடியாது."

சாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வை கீழே இறங்கி, சேற்றில் அசையாமல் ஊன்றியிருந்த அந்த இடது காலில் நின்றது. அவர் திரும்பி நடந்து, தன் இடத்தில் விறைப்பாக நின்றார்.

"கீழ யாரு?" என்றார். பெங்களூரு பரேடு மைதானத்தில் பயிற்சி கொடுத்த அதே குரல்.

"சேப்பர் சம்பங்கி!" என்றார் மனோகர்.

கிருஷ்ணம்மா எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகை வரை நடந்து வந்தார். டோக்கனை உயர்த்தினார். கை அந்தரத்தில் நின்றது. பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மனோகரைப் பார்த்தார்.

"எங்க நைனா மாட்டறது?"

மனோகரும் பலகையைப் பார்த்தார். ராத்திரி முழுக்க யோசித்து எல்லாவற்றுக்கும் வழி செய்தவர், ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்பதை நினைக்கவே இல்லை.

"பாபு ஆணியிலயே சேத்து மாட்டிடுங்கம்மா," என்றார் மஞ்சுநாத்.

"என் புள்ள இன்னாத்துக்கு அடுத்தவன் ஆணியில தொங்கணும்?" என்றார் கிருஷ்ணம்மா.

அந்தோணி சாப் மறுபடியும் வரிசையை விட்டு வெளியே வந்தார். இந்த முறை மனோகர் பக்கம் வரவில்லை. நேராகப் பந்தல்கார ரூபேஷிடம் போனார்.

"சுத்தி குடு."

"நா அடிக்கறேன் சார், நீங்க ஏன்..."

"குடுடா!"

ரூபேஷ் சுத்தியலைக் கொடுத்து, பையிலிருந்து ஆணிகளையும் அள்ளிக் கொடுத்தான். சாப் ஓர் ஆணியை மட்டும் எடுத்துப் பாபுவின் ஆணிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார். மெடல்கள் நெஞ்சில் மோதிக் கிணுகிணுத்தன. தேக்கு லேசில் வழிவிடவில்லை. முதல் ஆணி வளைந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை அடித்தார். அசைத்துப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார்.

கிருஷ்ணம்மா மாட்டினார்.

"மேல வந்துட்டான்!"

ஷாஃப்டின் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த காகங்கள் கலைந்து பறந்தன. கிருஷ்ணம்மா அந்த டோக்கனை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, முந்தானையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார்.

ஃப்ரெடி பியூகிளைத் தூக்கினார். மனோகர் ஷிப்டை மூட மூச்சை இழுத்தார்.

"இரு," என்றார் அந்தோணி சாப்.

அவர் பலகையை விட்டு நகர்ந்திருக்கவில்லை. உள்ளங்கையில் மிச்சமிருந்த ஆணிகளில் ஒன்றைப் பொறுக்கினார். சம்பங்கியின் டோக்கனுக்கு அடுத்த இடத்தில் வைத்து அடித்தார். இந்த முறை ஆணி வளையவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்தார்கள்.

"டோக்கன் எங்க அம்மாகிட்ட இருக்குது," என்றார் சாப், பொதுவாக எல்லாரிடமும். பரேடுக் குரல் எங்கேயோ போயிருந்தது. "போயி கேக்கணும். குடுக்கறாங்களோ, செருப்பால அடிக்கறாங்களோ."

சுத்தியலை ரூபேஷிடம் நீட்டிவிட்டு, மைதானத்து ஓரத்தில் நின்ற தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"சாப்," என்று மனோகர் கூப்பிட்டார். "அப்ப ஷிப்ட்ட மூடறதா, வேணாமா?"

அந்தோணி திரும்பினார். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையில் காலியாக நின்ற அந்த ஆணியைப் பார்த்தார்.

"ஒரு ஆணி காலியா இருக்கச்சே எப்டிடா மூடுவ?"

ஸ்கூட்டர் கிளம்பி மாரிக்குப்பம் ரோட்டில் திரும்பி மறைந்தது. ஃப்ரெடி பியூகிளுக்குள் மழைத் தண்ணீர் போகாமல் தொப்பியைக் கழற்றி அதன் வாயை மூடினார்.

"வர்ற வரைக்கும் ஒரு டீயாவது குடிக்கலாமா மச்சான்?"

"நில்லு," என்றார் மனோகர்.

எல்லாரும் நின்றார்கள்.